பூநாரை இல்லாத பக்கம்

ஜனவரி 27, செவ்வாய்

வாடைக் காற்று விடவில்லை. வாசிகசாலையின் இரண்டு யன்னலையும் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கினோம். திறந்து விட்டால் பத்திரிகைகள் பறக்கின்றன. பூட்டினால் பழைய தாள் மணம்.

பழைய அலுமாரி, மூன்றாம் தட்டு. கைத்தொலைபேசியைப் பின்னட்டைக் கோடுகளுக்கு நேரே பிடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். பெயர், எழுதியவர், பதிப்பகம் எல்லாம் கணினியில் தானாக வந்து விழுகிறது. ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு பிடித்த வேலை எனக்கு வேறு கிடைக்கவில்லை.

புத்தகங்களுக்குள் இருந்து எடுத்தவை: பஸ் டிக்கெட், கோழி இறகு, மாதா படம், காய்ந்த கறிவேப்பிலை, யாரோ ஒருவரின் இரத்தப் பரிசோதனைத் துண்டு.

அன்ரனிக்கு வகுப்பு எடுத்தேன். வாசிகசாலைப் பொறுப்பாளர் அவன்தான். நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். தலை நரைத்துவிட்டது, இன்னும் எழும்பி நின்றுதான் கேள்வி கேட்பான்.

"எல்லாம் ஏன் ரீச்சர் 978 எண்டு தொடங்குது?"

"023 எண்டால் மன்னார் ரெலிபோன் எண்டு தெரியுதெல்லோ? அதுமாதிரி 978 எண்டால் இது புத்தகம். அடுத்து 955 வந்தால் இலங்கையில வெளியிட்டது."

"கடைசி இலக்கம்?"

"அவர் காவல்காரன். முன்னுக்கு நிக்கிற பன்னிரண்டு பேரையும் பெருக்கிக் கூட்டிப் பாத்துத்தான் அவரை அங்க நிப்பாட்டுறது. நீ ஒண்டைப் பிழையா அடிச்சால் உள்ளுக்கு விடமாட்டார்."

சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "அப்ப நாங்கள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கையால எழுதவெண்டு இருந்த பதிவு இலக்கம்?"

"இனி என்னத்துக்கு? இது அடையாள அட்டை மாதிரி. ஒரு ஆளுக்கு ஒரு இலக்கம். அதுக்கு மேல நாங்கள் ஏன் இன்னொண்டை ஒட்டுவான்?"

"நீங்கள் சொன்னால் சரி ரீச்சர்."

உதாரணம் நன்றாக அமைந்தது. எனக்கே பிடித்திருந்தது.

சில புத்தகங்களுக்குக் கணினி 'ஏற்கெனவே உள்ளது' என்கிறது. ஒன்றையே இரண்டு தரம் காட்டியிருப்பேன். தட்டில் வைத்துவிட்டேன். கண் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பின்னேரம் றிபாயா வந்தாள். பள்ளிவாசல் ஒழுங்கையில் தையல் வேலை செய்பவள். கொண்டச்சி ஊர்ப் பிள்ளை, இங்கே கலியாணம் கட்டி வந்தவள். யாரோ பெருநாள் சட்டையின் கரைக்குப் பூநாரை வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"படம் போட்ட புத்தகம் இருக்கா ரீச்சர்? ரோட்டில நிண்டு பாத்தா தூரத்தில ஒரு ரோசாக் கோடு மாதிரித்தான் தெரியுது. கால் எந்தப் பக்கம் மடங்குமெண்டு தெரியாம எப்பிடிக் கீறுறது?"

கரையோரப் பறவைகள் பற்றிய படப் புத்தகம் கொடுத்தேன். டிக். பெயர் பதிந்தாயிற்று.

பெப்ரவரி 3, செவ்வாய்

கடைவாய்ப் பல் வலி. கராம்பு. வாசிகசாலைக்குப் போகவில்லை. அன்ரனி தொலைபேசியில்: பாலர் பாடசாலைக்குப் பெட்டி நிறையப் படப் புத்தகம் அனுப்பிவிட்டான், ஒரு கிழமையில் திரும்பி வரும். றிபாயா பறவைப் புத்தகத்தைத் தந்துவிட்டாள். மீன் மலிவாம், வாங்கி அனுப்பட்டோ என்றும் கேட்டான். மெல்ல முடியாது, வேண்டாம் என்றேன்.

பெப்ரவரி 7, சனி

காற்றுக் குறைவு. நல்ல கூட்டம்.

பிலோமினா (எதிர் வீடு, மாதா கோயில் பாடகர் குழு) பறவைப் புத்தகத்தை அலுமாரியில் இருந்து எடுத்து விரித்தவள், அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தாளில் ஓட்டை. ஓட்டைக்குள்ளால் அவளுடைய ஒரு கண்.

"ரீச்சர், இங்க யன்னல் வைச்சிருக்கு."

பூநாரை இருந்த இடம். வெட்டின ஓரம் நெளிநெளியாக, பல்லுப் பல்லாக. துணியில் நூல் பிரியாமல் இருக்கத் தையற்காரர் வெட்டுவார்களே, அந்தக் கத்தரிக்கோல்.

டிக். இலக்கம் ஒன்று, பதிவு ஒன்று. கடைசியாகக் கொண்டு போனவர்: றிபாயா.

அவள் அப்போது பத்திரிகை மேசையடியில் மச்சாளோடு நின்றாள். கூப்பிட்டேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"இதைக் கொஞ்சம் பாருங்கோ றிபாயா."

"அல்லாவே! ஆரு ரீச்சர் இப்பிடி வெட்டினது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகத்தில் அது நடந்ததைப் பார்த்தேன்.

"நான் கொண்டு போகக்க படம் இருந்திச்சு. திருப்பித் தரக்கயும் இருந்திச்சு. மெல்லிய தாள் வைச்சுத்தான் ஒத்தி எடுத்தேன்."

"உங்களுக்குப் பிறகு ஒருத்தரும் எடுக்கேல்லை. இலக்கம் இருக்கு. கொம்பியூட்டர் பொய் சொல்லாது."

"கொம்பியூட்டர் சொல்லாது. நான் சொல்லுவேன் எண்டுறீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஓரத்தைப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன். இது சும்மா வீட்டுக் கத்தரிக்கோல் இல்லை."

"ஊரில கத்தரிக்கோல் வைச்சிருக்கிறது நான் மட்டுமா ரீச்சர்?"

நான் பதில் சொல்லாமல் காத்திருந்தேன். பிள்ளை தானாக ஒத்துக்கொள்ளட்டும் என்று வகுப்பில் காத்திருப்பேனே, அந்தக் காத்திருப்பு. அவள் தன் அங்கத்துவ அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். மச்சாளும் வைத்தாள். இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

நான் குரல் உயர்த்தவில்லை. ஒரு கடும் சொல் சொல்லவில்லை.

இரவு சோறு இறங்கவில்லை. பல் வலி இல்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் பிலோமினா நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். யன்னல், கண், கத்தரிக்கோல் எல்லாம். கடைசியில், "அவளிட்டச் சட்டைத் துணி குடுத்தால் அதிலயும் ஒரு துண்டு பூநாரைக்குப் போயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதி வைக்கிறேன்: நானும் சிரித்தேன்.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். தபால் கந்தோரில் இருந்த மனிதர், எதையும் இரண்டு பக்கமும் புரட்டித்தான் பார்ப்பார்.

"அவள் வெட்டினதை நீர் பாத்தனீரோ?"

"இலக்கம் இருக்கப்பா."

"இலக்கமோ வெட்டினது?"

"உங்களுக்கு இந்த முறை விளங்காது."

"விளங்காதுதான்," என்று முருங்கைக்காயைச் சப்பத் தொடங்கிவிட்டார்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். யன்னல் திறந்து வேலை.

பாலர் பாடசாலைப் பெட்டி திரும்பி வந்தது. அன்ரனி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு வந்தவன் நின்றுவிட்டான்.

"ரீச்சர். இதுவும் அதுதான்."

பறவைப் புத்தகம். அதே அட்டை. விரித்தேன். பூநாரை இருக்கிறது. ஒரு காலில், முழுசாக, தண்ணீருக்குள் தன் நிழலோடு. ஓரத்தில் பென்சில் அழுத்தின தடம் கூட இல்லை. அவ்வளவு கவனமாக ஒத்தி எடுத்திருக்கிறாள்.

"போன செவ்வாய் றிபாயாக்கா கொண்டந்து தந்தது இதைத்தான். மேசையில இருந்ததை அப்பிடியே பெட்டிக்க போட்டிட்டன். ரெண்டு இருக்கெண்டு எனக்குத் தெரியாது ரீச்சர்."

அலுமாரியில் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். டிக். டிக். பதின்மூன்று இலக்கமும் ஒன்று. ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே பதிப்பில் வந்த எல்லாப் பிரதிக்கும் அந்த இலக்கம் ஒன்றுதான். அது புத்தகத்தின் இலக்கம், பிரதியின் இலக்கம் இல்லை. எங்களிடம் இருக்கும் இந்தப் பிரதி எது, அந்தப் பிரதி எது என்று சொல்லத்தான் கையால் எழுதுகிற பதிவு இலக்கம். அதைத்தான் நான் 'என்னத்துக்கு' என்று கேட்டேன். இரண்டாவது பிரதி வந்தபோது கணினி 'ஏற்கெனவே உள்ளது' என்று சொல்லித்தான் பார்த்தது. நான் என் கண்ணைப் பிழை சொன்னேன்.

அன்ரனி: "பதிவு இலக்கம் போட்டிருந்தால்..." அதோடு நிறுத்திக்கொண்டான். முடித்திருக்கலாம்.

அடையாள அட்டை இல்லை. பள்ளிச் சீருடை மாதிரி. ஒரே அளவில், ஒரே வெட்டில் நாற்பது சட்டை தைக்கலாம். ஒரு சட்டையில் மை கொட்டினால் நாற்பது பிள்ளைகளில் யார் என்று சட்டையின் தினுசைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கழுத்தடியில் பெயர் தைத்திருந்தால்தான் தெரியும்.

நல்ல உதாரணம். தையற்காரியைப் பிடித்து நிறுத்தின பிறகு தையலில் இருந்து உதாரணம் வருகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். கடைசிப் பெயர் பிலோமினாவுடையதாக இருந்திருந்தால் நான் எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டிருப்பேனா? இல்லை. பின்னேரம் வேலியடியில் வைத்து, 'பிள்ளை, புத்தகத்தில ஏதோ வெட்டுப்பட்டுக் கிடக்கு, வீட்டில ஆரும் தெரியாமல்...' என்று தொடங்கியிருப்பேன். அவளும் இவளும் ஒன்று என்று எத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் மற்றப் பிரதியை வெட்டினது யார் என்று மனம் உடனே வேறு முகங்களைத் தேடப் போகிறது. வெட்கம் கெட்ட மனம்.

பெப்ரவரி 11, புதன்

வெட்டுப்பட்ட புத்தகத்தை ஒட்டித் திருத்த வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அதற்கு முன் வேறு வேலை. அடுத்த புதன் விபூதிப் புதன், தவக்காலத் தொடக்கம். கோயில் அறிவித்தல் பலகைக்கு ஊதாத் தாள் வெட்டித் தரச் சொல்லி சிஸ்டர் கேட்டிருந்தார். பள்ளிக்கூடக் காலத்துப் பிஸ்கற் ரின்னை இறக்கினேன். வெண்கட்டித் துண்டுகள், முத்திரை மை, நட்சத்திர ஒட்டிகள், கத்தரிக்கோல். தாளை வெட்டினேன். ஓரம் நெளிநெளியாக வந்தது.

ஊதாத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பிறகு புத்தகத்தை எடுத்து அந்த ஓட்டையின் ஓரத்தில் தாளை வைத்தேன். பல்லோடு பல் பொருந்துகிறது. நடுவில் ஒரு பல் மழுங்கின இடம், அதுவும் பொருந்துகிறது. அந்தக் கத்தரிக்கோலால் நான் ஒருமுறை கம்பி வெட்டப் பார்த்தேன்.

நாலாம் வகுப்பு, சுற்றாடல் பாடம். 'எங்கள் ஊருக்கு வரும் விருந்தாளிகள்' என்று ஒரு பெரிய மட்டை. நடுவில் பூநாரை. மாப் பசை வாசத்துக்கு வந்த எறும்பு அந்த மட்டையில் ஏறினதுகூட இப்போது ஞாபகம் வருகிறது. படம் எங்கிருந்து வெட்டினேன் என்பது மட்டும் இவ்வளவு நாளும் வரவில்லை.

ஓய்வு பெற்றபோது வாசிகசாலைக்கு என் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஓம், அந்த மட்டைக்குப் பசை கிண்டித் தந்ததே நான்தானே," என்று சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"போய்ச் சொல்லும்."

"சொல்லத்தான் வேணும்."

"நாளைக்கே போம்."

பெப்ரவரி 12, வியாழன்

போனேன். சொல்லவில்லை.

வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது. சட்டைத் துணி ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் பிழை. துணியைக் கண்டதும் அவள் அளவு நாடாவை எடுத்தாள்.

"கையத் தூக்குங்க."

தூக்கினேன்.

"மற்றக் கை."

தோள், மார்பு, இடுப்பு. குனிந்து நிமிர்ந்து அளந்தாள். நாடா படும் இடமெல்லாம் எனக்குச் சுட்டது. வாயைத் திறந்தால், "நீளம் கொஞ்சம் கூட வையுங்கோ" என்று வருகிறது.

மேசையில் அந்தப் பெருநாள் சட்டை. கரையில் ரோசா நூலில் பூநாரைகள், பாதி முடிந்தபடி. கால் சரியாகப் பின்பக்கம் மடங்கியிருக்கிறது.

"எப்ப வரட்டும்?"

"நாளைக்கு வந்தாலும் சரி. வேல குறைவுதான். ரெண்டு பேர் துணியத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிட்டாங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. நோன்புக்கு முந்தின கிழமை. தையற்காரிக்கு வேலை குறையக் கூடாத கிழமை.

வீட்டில் இவர்: "சொன்னீரோ?" "சட்டைக்கு அளவு குடுத்தனான்." தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெப்ரவரி 13, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சனம் வீட்டுக்குப் போன பிறகு போனேன். புத்தகங்கள் இரண்டும், கத்தரிக்கோலும் பையில். வாசலில் நின்றபடியே சொன்னேன். உள்ளே போனால் மீண்டும் அளவு எடுத்துவிடுவாள் என்ற பயம்.

முழுவதையும் கேட்டாள். தையல் மெசினில் இருந்து எழும்பவில்லை. கத்தரிக்கோலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பழைய துணித் துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்தாள்.

"தீட்டக் குடுக்கணும்."

"ஓம்."

"அப்ப புத்தகமும் உங்கட. கத்தரிக்கோலும் உங்கட. ஏச்சு மட்டும் எனக்கு."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ றிபாயா."

"இஞ்ச, வாசலடியில வைச்சுச் சொல்றீங்க. அண்டைக்கு வாசலடியில வைச்சா கேட்டீங்க?"

மச்சாள் உள்ளே இருந்து, "விடு மச்சி, வயசானவ," என்றாள்.

"வயசான ஆக்கள் எண்டுதான் நான் அண்டைக்கும் பேசாம வந்தேன்." என்னைப் பார்த்தாள். "நாளைக்குச் சனி. நான் வாறன். அங்க நிண்ட ஆக்கள் அங்கதான் நிப்பாங்க. அவங்களுக்கு முன்னால சொல்லுங்க. பிறகு சட்ட தைக்கிறன். துணி இஞ்சயே கிடக்கட்டும்."

சரி என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சமாதானம் ஒன்று தேடினேன்: அன்ரனியையே சொல்லச் சொன்னால் என்ன, அறிவித்தல் பலகையில் எழுதிப் போட்டால் என்ன, நாளைக்குப் பல் வலி வந்தால் என்ன. எல்லாம் வகுப்பில் பிள்ளைகள் எனக்குச் சொன்ன சாட்டுகள். ஒன்றுக்குக்கூட நான் அவர்களை விட்டதில்லை.

பெப்ரவரி 14, சனி

காற்று இல்லை. கடல் தகடு மாதிரி. பல் வலியும் இல்லை.

காலையில் அன்ரனியும் நானும் இரட்டைப் பிரதிகளைத் தேடி எடுத்துப் பதிவு இலக்கம் எழுதினோம், உள்ளட்டையில், கையால். இன்னும் எத்தனை கிடக்கின்றனவோ. இரண்டு இடத்தில் பிழையாக எழுதினேன். அவன் பேனாவை வாங்கி எழுதினான்.

சனம் வந்தது. பிலோமினா பத்திரிகை மேசையில். றிபாயாவும் மச்சாளும் வாசலடியில் நின்றார்கள், செருப்புக் கழற்றாமல்.

எழும்பினேன். "போன சனிக்கிழமை இந்த இடத்தில..." தண்ணீர் குடித்தேன். "ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். பள்ளிக்கூடச் சீருடையை எடுத்துக்கொள்ளுங்கோ. ஒரே அளவில நாப்பது சட்டை..."

"உதாரணம் வேணாம் ரீச்சர்," என்றாள் றிபாயா. சத்தமாக இல்லை. "நடந்ததச் சொல்லுங்க."

நடந்ததைச் சொன்னேன். படத்தை வெட்டினது நான். என் சொந்தப் புத்தகத்தில், என் கத்தரிக்கோலால். பிறகு அதை இங்கே கொடுத்து மறந்துவிட்டேன். றிபாயா கொண்டு போனது வேறு பிரதி, அதை முழுசாகத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டுக்கும் இலக்கம் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே புத்தகம் என்று நினைத்தேன். பதிவு இலக்கம் வேண்டாம் என்று அன்ரனிக்குச் சொன்னதும் நான். உங்கள் எல்லாருக்கும் முன்னால் அவளைக் கள்ளி ஆக்கினேன். நீங்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

கதிரை ஒன்று கிறீச்சிட்டது.

பிலோமினா: "ஒரு படத்துக்கோ ரீச்சர் இவ்வளவு?" சொல்லிவிட்டுப் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். இந்தமுறை ஓட்டை இல்லை.

றிபாயா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மேசை லாச்சியைத் திறந்து அட்டைகள் இரண்டையும் கொடுத்தேன். தன்னுடையதைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். அலுமாரியடியில் கொஞ்ச நேரம் நின்று பூவேலைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். டிக். பதிவு இலக்கம் எழுதினேன். அவள் பெயர் எழுதினேன். கொடுக்கக் கையை நீட்டினேன்.

"நில்லுங்க ரீச்சர்."

புத்தகத்தை மேசையில் வைத்து, என் பக்கமாகத் திருப்பி, முதல் தாளை விரித்தாள். பார்த்தேன். அடுத்த தாள். அடுத்தது. படம் வரும் இடங்களில் விரலை வைத்துக் காட்டினாள்.

"தேவையில்லைப் பிள்ளை."

"உங்களுக்குத் தேவையில்ல. எனக்குத் தேவ."

கடைசித் தாள் வரை பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. அவள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு விலகினாள்.

பின்னால் நின்ற மச்சாள் முன்னுக்கு வந்து, தான் எடுத்த புத்தகத்தை மேசையில் வைத்து, என் பக்கமாகத் திருப்பி, முதல் தாளை விரித்தாள்.